அத்தை குனியக் கூடாது

என் மருமகள் ரசம் ஊற்றக் குனிந்தபோதுதான் அவளுடைய முழங்கைகளைப் பார்த்தேன். வலது முழங்கையில் மூன்று பொருக்கு, இடது முழங்கையில் இரண்டு. அந்த ஐந்தில் இரண்டு பழையவை, காய்ந்து ஓரம் தூக்கிக்கொண்டிருந்தன. மற்ற மூன்றும் புதியவை. ஒரு கையில் மட்டும் காயம் என்றால் குளியலறையில் வழுக்கியிருக்கலாம், ஸ்கூட்டர் சாய்ந்திருக்கலாம். இரண்டு கையிலும் ஒரே இடத்தில், வெவ்வேறு நாளில் பட்ட காயம் என்றால், அது தொடர்ந்து நடக்கிற ஏதோ ஒன்றால் வந்ததாகத்தான் இருக்க வேண்டும். புள்ளியியல் துறையில் வேலை பார்த்து, நாமக்கல் சுற்றுவட்டாரத்துப் பண்ணைகளில் கோழிகளை எண்ணியே ஓய்வு பெற்றவன் நான். எதைப் பார்த்தாலும் மனம் முதலில் எண்ணும், பிறகு கவலைப்படும். அன்று இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன. எதிரில் உட்கார்ந்திருந்த மகனைப் பார்த்தேன். லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவன், இரும்பு மாதிரிக் கை. அவன் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"ஏன்டா, அந்தப் புள்ளையோட கையப் பாத்தியா நீயி?" என்றேன்.

"ரக்பிப்பா" என்றான் அவன்.

என் மனைவி சாதக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "அடக் கருமமே! அதுக்கு எந்த டாக்டருகிட்டக் காட்டோணும்?"

மருமகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ரசக் கிண்ணத்தை வைத்துவிட்டுச் சமையலறைக்குள் ஓடிவிட்டாள். அப்புறம் மகன்தான் விவரம் சொன்னான். குமாரபாளையத்தில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருக்கிற அம்மாள் ஒருவர் மாவட்டத்துக்குப் பெண்கள் ரக்பி அணி ஒன்று சேர்க்கிறார். முன்பு கபடி ஆடிய பெண்களாகப் பார்த்துப் பிடிக்கிறார். அதில், பள்ளியொன்றில் வேலை பார்க்கிற எங்கள் வீட்டுப் பெண்ணும் ஒருத்தி. ஞாயிற்றுக்கிழமை காலையில் "ஸ்கூல்ல வேலைங்க" என்று அவள் கிளம்பிப் போனதெல்லாம் அங்கேதான். நாலு மாதமாக இது நடந்திருக்கிறது. வீட்டில் எனக்கும் என் மனைவிக்கும் இரண்டு வயதுப் பேத்திக்கும்தான் தெரியாது.

என் மருமகள் மேச்சேரிக்காரி. பெண் பார்க்கப் போன அன்று அவளுடைய அப்பா எங்களை உட்கார வைத்துவிட்டு, அலமாரியிலிருந்த கோப்பைகளை ஒவ்வொன்றாக இறக்கிக் காட்டினார். பதினொன்று இருந்தன. எல்லாம் கபடிக் கோப்பைகள். அவற்றில் உயரமான ஒன்றைத் துடைத்து என் கையில் கொடுத்து, "இதுல மூணு பேரு காலப் புடிச்சுத் தொங்குனாங்க. எம் புள்ள மூச்ச உடாம, மூணு பேரத்தையும் இழுத்துக்கிட்டே வந்து கோட்டத் தொட்டுட்டா" என்றார். கபடி பார்த்தவர்களுக்கு இதன் பெருமை தெரியும். பாடிப் போனவளைப் பிடித்துவிட்டால் ஆட்டம் முடிந்ததாக எல்லோரும் நினைப்பார்கள். அவள் பாட்டை விடாமல், தரையோடு தரையாகத் தவழ்ந்து வந்து ஒரு விரல் நுனியால் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால், பிடித்தவர்கள் அத்தனை பேரும் வெளியே போக வேண்டும். அவளுக்குத் துணைக்கு யாரும் வர முடியாது. ஒருத்தி, ஒரு மூச்சு, ஒரு கோடு. என் மருமகள் அதில் பேர் வாங்கியவள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் மைதானத்துக்குப் போனேன். குடை, பஞ்சு, கட்டுத்துணி, குளுக்கோஸ் பொட்டலம் எல்லாம் பையில் வைத்திருந்தேன். பந்தை வாங்கிக்கொண்டு என் மருமகள் ஓடினாள். எதிரே வந்த பெண் இடுப்பைக் கட்டிப்பிடித்துச் சாய்த்தாள். விழுந்த இடத்தோடு நின்றால் பரவாயில்லை. பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு, முழங்கையை ஊன்றி ஊன்றி, மேலே கிடந்தவளையும் இழுத்துக்கொண்டு என் மருமகள் முன்னால் ஊர்ந்தாள். பொருக்குகளின் கதை எனக்கு அப்போது விளங்கியது. பயிற்சியாளர் அம்மாள் விசில் ஊதினார். மறுபடியும் அதே கதை, மறுபடியும் விசில். அணியில் எல்லோருக்கும் சின்னவளாக ஒரு குமாரபாளையத்துப் பெண் இருந்தாள். வீட்டில் விசைத்தறி ஓடுகிற சத்தத்தை மீறிப் பேசிப் பழகியதாலோ என்னவோ, தொண்டை பெரிது. அவள் கத்தினாள்: "அக்கா, மூச்ச உடுங்கக்கா! இங்க மூச்சு உட்டா அவுட் இல்ல!"

பயிற்சியாளர் அம்மாள் என்னிடம் வந்து, "உங்க மருமக அடியில கெடந்துக்கிட்டு கபடி கபடிங்கறாங்க சார். விசில் ஊதற எனக்கே கேக்குது" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அவர்தான் எனக்கு விதியைச் சொன்னார். ரக்பியில் பந்தோடு ஓடுகிறவளைப் பிடித்துத் தரையில் சாய்த்துவிட்டால், அவள் அந்தக் கணமே பந்தை விட்டுவிட வேண்டும். அணைத்துக்கொண்டு கிடக்கக் கூடாது, தவழக் கூடாது. சாய்த்தவளும் கையை எடுத்துவிட்டு விலக வேண்டும். விழுந்தவள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: உடம்பைத் தன் அணியின் பக்கமாகத் திருப்பி, இரண்டு கையையும் முழுக்க நீட்டி, எதிரிக்கு எட்டாத தூரத்தில் பந்தை வைப்பது. பின்னாலிருந்து ஓடி வருகிற தோழிகள் அவளுக்கு மேலே காலை அகட்டி நின்று எதிரிகளைத் தள்ளித் தடுப்பார்கள். இன்னொருத்தி பந்தை எடுத்துக்கொண்டு போவாள். அணைத்துக்கொண்டு கிடந்தால் தண்டனையாகப் பந்து எதிரிக்குப் போய்விடும்.

"உட்டாத்தான் சார் பந்து நம்மளுது. இந்தக் கபடிப் புள்ளைங்களுக்கு அதப் புரிய வெக்கறதுக்குள்ள என்ற தலமுடி பாதி கொட்டிப் போச்சு" என்றார் அவர்.

அன்று மாலை வீட்டில் பேச்சுவார்த்தை நடந்தது. விளையாட்டே வேண்டாம் என்றுதான் நான் ஆரம்பித்தேன். கழுத்தில் எத்தனை எலும்பு, தோளில் எத்தனை மூட்டு என்றெல்லாம் சொன்னேன். பேத்தி மடியில் உட்கார்ந்து என் விரல்களைக் கூடவே எண்ணியது. மருமகள் நான் சொல்லி ஓய்ந்த பிறகு மெதுவாகச் சொன்னாள்: "கல்யாணத்துக்கு முன்னால ஸ்டேட் டீமுக்குப் போகோணும்னு ஆசப்பட்டனுங்க மாமா. கபடியில அது நடக்கல. இப்ப இருபத்தெட்டு ஆச்சு. இதுலயாவது ஒருக்கா அந்தச் சட்டையப் போட்டுப் பாக்கோணுமுங்க." அவள் அதுவரை என்னிடம் ஒன்று வேண்டும் என்று கேட்டதில்லை. மாநில அணியின் சட்டை என்பது அவளுக்கு என்ன என்று அந்தக் குரலில் தெரிந்தது. நான் ஒரு வருடம் என்றேன். அதற்குள் வருகிற தேர்வில் எடுத்தால் போகட்டும், எடுக்காவிட்டால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அவள் உடனே "சரிங்க மாமா" என்றாள். அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எடுக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் நான் சொன்னேன்.

அதன் பிறகு எங்கள் மொட்டை மாடி மைதானமானது. மகன் பட்டறையிலிருந்து பழைய லாரி சீட்டுகள் இரண்டும் ஒரு தார்ப்பாயும் கொண்டுவந்து விரித்தான். அவன்தான் எதிரணி. மனைவியை ஓடிப்போய்ப் பிடித்துச் சாய்ப்பான். அவள் விழுவாள். விழுந்ததும் பந்து மார்புக்குப் போகும், மூச்சு அடங்கும், முழங்கை ஊன்றும். அவனையும் இழுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போய்விடுவாள். ஒரு நாள் பக்கத்து மாடியில் துணி காயப்போட வந்த அம்மாள் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, என் மனைவியைத் தனியே கூப்பிட்டு, "ஏனுங்க, ஊட்ல ஏதாச்சும் பெரச்சனைங்களா? எங்க ஊட்டுக்காரரக் கூட்டியாந்து வெலக்கி உடச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டார். என் மனைவி, "வேண்டாமுங்க, இன்னம் மூணு தடவ பாக்கி இருக்குதாமா" என்றாள்.

ஆறு வாரமாகியும் பழக்கம் போகவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பத்துக்கு ஏழு முறை தவழ்ந்தாள். பயிற்சியாளர் அம்மாளே ஒரு நாள் மாலை வீட்டுக்கு வந்தார். பார்த்துவிட்டு, காபியைக் குடித்துக்கொண்டே சொன்னார்: "சக்தி இருக்குது, வேகம் இருக்குது. பின்னால ஆளு வருதுன்னு மட்டும் நம்ப மாட்டேங்கறாங்க."

என் மனைவி உடனே பிடித்துக்கொண்டாள். "ஊட்லயும் அதேதானுங்க மேடம்! சோத்துக் குண்டாவ எங்கிட்டக் குடுன்னா, நீங்க உக்காருங்கத்தைன்னு அவளே தூக்கிட்டுப் போயிருவா. தண்ணிக் கொடத்தக் குடுன்னா குடுக்க மாட்டா. நான் என்ன, ஒண்ணுத்துக்கும் ஆகாதவளா?"

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். பயிற்சியாளர் அம்மாள் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப நீங்களே பின்னால வந்து நில்லுங்கம்மா" என்றார்.

நான் வேண்டாம் என்றேன். என் மனைவிக்கு அறுபத்திரண்டு வயது, பழைய இடுப்புவலி வேறு. யார் கேட்டார்கள்? சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தார்ப்பாயின் ஓரத்தில் போய் நின்றுவிட்டாள். மகன் சாய்த்தான். மருமகள் விழுந்தாள், வழக்கம்போல் பந்தை அணைத்துக்கொண்டாள். என் மனைவி கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "எங்கிட்ட வராதாட்டம் இருக்குது" என்று சொல்லிக்கொண்டே தானே குனிந்து, இருவருக்கும் நடுவில் கையை விட்டுப் பந்தைப் பிடுங்கப் பார்த்தாள். பிடுங்குகிறபோது இடுப்பில் ஒரு சுளுக்கு. "அம்மாடி!" என்று ஒரு சத்தம்.

அந்தச் சத்தத்தில் மருமகள் அடக்கியிருந்த மூச்சு விட்டுப் போயிற்று. மகனை உதறிவிட்டு எழுந்து அத்தையைத் தாங்கிக்கொண்டாள். போதும், உள்ளே போகலாம் என்றாள். என் மனைவி அசையவில்லை. "ஒண்ணுமில்ல போ. இன்னொருக்கா" என்றாள். மருமகள் மறுபடி ஓடினாள், மறுபடி மகன் சாய்த்தான். இந்த முறை மருமகள் தரையில் படும்போதே உடம்பு திரும்பியது. இரண்டு கையும் முழு நீளத்துக்கு நீண்டன. பந்து என் மனைவியின் கால் கட்டைவிரலுக்குப் பக்கத்தில், உடம்புகளின் குவியலுக்கு வெளியே, பூஜைக்குத் தேங்காய் வைப்பதுபோல அசையாமல் நின்றது. இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கினாலே எடுத்துவிடலாம். என் மனைவி எடுத்துக்கொண்டாள்.

"இதேதாங்க!" என்று பயிற்சியாளர் அம்மாள் கத்திய கத்தலில் தொட்டியின் மேலிருந்த காக்கைகள் பறந்தன. "இதத்தானே ஆறு மாசமா நான் தொண்ட கிழியக் கத்தறேன்! இப்ப மட்டும் எப்படி வந்துச்சு?"

"அத்தை குனியக் கூடாதுங்க மேடம்" என்றாள் மருமகள், கைகளைத் தட்டிக்கொண்டே. "அவங்களுக்கு இடுப்பு."

அன்றிலிருந்து மாடியில் தவறே நடக்கவில்லை. என் மனைவி பின்னால் நின்றால் பந்து சரியாக வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியிலும் தவழ்வது குறைந்தது. நாங்கள் எல்லோரும் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துவிட்டோம். ஆனால் தேர்வு மைதானத்தில் அத்தை பின்னால் நிற்க மாட்டாள் என்பதை யாரும் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டியவன் நான். ஓரிடத்தில் எடுத்த கணக்கு இன்னோரிடத்துக்குச் செல்லாது என்பது என் துறையின் பால பாடம்.

நான் கொடுத்த வருடம் முடிகிற சமயத்தில் தேர்வு ஆட்டங்கள் சேலத்தில் ஒரு கல்லூரி மைதானத்தில் நடந்தன. காலையில் ஓர் ஆட்டம், பிற்பகலில் ஓர் ஆட்டம். பந்தலுக்கடியில் தேர்வாளர்கள் மூவர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டு பேரை எடுப்பார்கள், எல்லா அணிகளிலிருந்தும் சேர்த்து. நாங்கள் எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு, பேத்தியைத் தூக்கிக்கொண்டு, முதல் பேருந்துக்கே போய்விட்டோம். நாமக்கல் அணி மைதானத்துக்குள் இறங்கியபோதே எதிரணிப் பெண்கள் கேலியை ஆரம்பித்துவிட்டார்கள். "பந்து முட்டையாட்டம் இருக்குதுன்னு வந்துட்டாங்கடி! பாத்து, ஒடஞ்சிரப் போகுது!" எங்கள் குமாரபாளையத்துப் பெண் சும்மா விடுவாளா? "ஒடஞ்சா ஆம்லெட்டு போட்டுத் தாரோம், தின்னுட்டுப் போங்க!" என்றாள்.

காலை ஆட்டத்தில் என் மருமகள் இரண்டு முறை தவழ்ந்தாள். முதல் முறை பந்து எதிரிக்குப் போனதோடு சரி. இரண்டாவது முறை அங்கிருந்தே எதிரணி ஓடிப்போய்ப் புள்ளி எடுத்தது. அந்த ஆட்டத்தில் தோற்றோம். பந்தலுக்கடியில் மூவரும் குனிந்து ஏதோ எழுதினார்கள். மருமகள் வந்து எங்களோடு உட்கார்ந்தாள். எலுமிச்சைச் சாதத்தைத் தொடவில்லை. "ஒடம்பு கேக்கவே மாட்டேங்குதுங்க அத்தை. பின்னால ஆருமே இல்லாத மாதிரி இருக்குது" என்றாள். என் மனைவி தண்ணீரை நீட்டினாள். நான் மனதுக்குள் ஒரு வருடம் முடிந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். அந்த எண்ணம் எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

பிற்பகல் ஆட்டம் தொடங்கியதும் பக்கத்தில் பார்த்தேன், மனைவியைக் காணோம். மைதானத்தின் பக்கக் கோட்டுக்கு வெளியே கட்டியிருந்த கயிற்றை ஒட்டி அவள் நடந்துகொண்டிருந்தாள். எங்கள் அணி பந்தை எடுத்துக்கொண்டு முன்னால் போனால் அவளும் முன்னால் போனாள். பந்து பின்வாங்கினால் அவளும் பின்வாங்கினாள். எப்போதும் பந்துக்கு நாலடி பின்னால். கொடி பிடித்திருந்த பையன், "பாட்டிம்மா, கயித்தத் தாண்டாதீங்க" என்று இரண்டு முறை சொன்னான். "தாண்டலப்பா, நீ உன்ற வேலயப் பாரு" என்றாள் அவள். ஒவ்வொரு முறை மருமகள் விழும்போதும், பேத்தியைக் கொஞ்சுவதுபோல அவளைக் கூப்பிடும் என் மனைவியின் குரல் கேட்டது: "சாமி, இங்கிருக்கறேன்!" ஒவ்வொரு முறையும் உடம்பு திரும்பியது, கை நீண்டது, பந்து எங்கள் பக்கம் வந்தது. வெயிலில் அந்த இடுப்போடு அவள் அந்தக் கோட்டை எத்தனை முறை அளந்தாளோ! ஒன்பது வரைக்கும் எண்ணினேன். பிறகு ஆட்டம் சூடு பிடித்துவிட்டது.

கடைசிக் கட்டம். நாங்கள் இரண்டு புள்ளி பின்னால். பந்தைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்த் தரையில் அழுத்தினால் ஐந்து புள்ளி, ஆட்டம் எங்களுடையது. நேரம் முடிந்தது என்று விசில் தயாராக இருந்தது. பந்து ஒரு முறை எதிரியிடம் போனால் அதோடு சரி. என் மருமகளிடம் பந்து வந்தது. ஒருத்தியைத் தாண்டினாள், இரண்டாமவளையும் தாண்டினாள். மூன்றாமவள் காலைக் கட்டிச் சாய்த்தாள். கோடு எதிரிலேயே இருந்தது. கையை நீட்டினால் எட்டாது, முழங்கையை இரண்டு முறை ஊன்றினால் எட்டிவிடும். கபடியில் அவள் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற புள்ளி அது. மூன்று பேரை இழுத்து வந்தவளுக்கு ஒருத்தி ஒரு பொருட்டா? அவள் வலது முழங்கை மண்ணில் ஊன்றியதை நான் பார்த்தேன். எழுந்து நின்றுவிட்டேன்.

"சாமி!" என்று மட்டும் கேட்டது.

ஊன்றிய முழங்கை மடங்கியது. அவள் கோட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். இரண்டு கையும் நீண்டன. பந்து மண்ணில் வந்து உட்கார்ந்தது. எதிரணிக்காரி ஒருத்தி அதன் மேல் பாய்வதற்குள் எங்கள் பெண்கள் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். விழுந்து கிடந்தவளின் மேல், அவள் மேல் ஒரு கால் படாமல், இரண்டு பக்கமும் காலை அகட்டிக் குனிந்து தோளைக் கொடுத்து நின்றார்கள். ஒரு வருடமாக நான் பயந்தது அந்தக் குவியலுக்கு அடியில் அவள் தனியாகக் கிடக்கிறாள் என்றுதான். மேலே நின்றவர்கள் எதற்கு நிற்கிறார்கள் என்று அன்றுதான் பார்த்தேன். வெயில்கூட அவள் மேல் படவில்லை. குமாரபாளையத்துப் பெண் வந்து பந்தை அள்ளினாள், ஓரமாகப் பாய்ந்தாள், கோட்டுக்கு அப்பால் போய் விழுந்தாள். அதற்குப் பிறகு கேட்ட சத்தத்தில் விசில் ஊதினார்களா என்பதே தெரியவில்லை.

மாலை நான்கரைக்குப் பெயர்களை வாசித்தார்கள். பன்னிரண்டு பெயர்களையும் விரல் மடக்கிக் கேட்டேன். எங்கள் அணியில் குமாரபாளையத்துப் பெண் ஒருத்திதான். அவள் என் மருமகளைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதாள். என் மருமகள்தான் அவளைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள். பிறகு எங்களிடம் வந்து காலணியைக் கழற்றினாள்.

எனக்குக் கோபம் தாங்கவில்லை. பிற்பகல் ஆட்டத்தில் எத்தனை முறை அவள் விழுந்தும் பந்து எங்களிடமே இருந்தது என்ற கணக்கு என்னிடம் இருந்தது. பந்தலுக்குப் போய் அந்த மூவரிடமும் கேட்கப் போகிறேன் என்று குடையை எடுத்தேன்.

"வேண்டாமுங்க மாமா" என்றாள் அவள். "காலைல ரெண்டு குடுத்தனுங்களே. அதுல ஒரு மேட்ச்சே போச்சு. அவங்க பாத்ததத்தானே எழுதுவாங்க?" குரலில் குறை இல்லை. காலணியிலிருந்து மண்ணைத் தட்டிக் கொட்டிவிட்டு, இரண்டு நாடாவையும் சேர்த்து முடிந்தாள். பயிற்சியாளர் அம்மாளிடம் மாவட்ட அணியின் சட்டையைத் துவைத்துத் திருப்பித் தந்துவிடுவதாகச் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். "நல்லா இருந்துச்சுங்க அத்தை இன்னிக்கு. போதுமுங்க" என்றாள்.

என் மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருந்தாள். அவள் என்னைப் பார்த்தாள்.

"அடுத்த செலக்‌ஷன் எந்த மாசம் வருது?" என்று கேட்டேன்.

மருமகள் முடிந்த நாடாவைக் கையில் பிடித்தபடியே நிமிர்ந்தாள். "நீங்கதானுங்க மாமா ஒரு வருஷம்னீங்க?"

"ஆமா, சொன்னேன். கணக்கு வெச்சிருக்கறவன் நான்தான். வருஷம் முடிஞ்சா நான் சொல்றேன்" என்றேன்.

இப்போது நாலு வருடம் ஆகிறது. நான் இன்னும் சொல்லவில்லை.